குடும்பப் படத்தில் சிறுவன் வாயில் கெட்ட வார்த்தை: வைக்கலாமா, எடுத்துவிடலாமா?

கதைப்பலகை:
எல்லா வயதினருக்குமான திரைக்கதை. அண்ணனும் தம்பியும் ஒரு மாதமாகச் சேர்ந்து செய்த மரப்படகை, பந்தயத்துக்கு முந்தின நாள் அண்ணன் அலட்சியத்தில் உடைத்துவிடுகிறான். பத்து வயதுத் தம்பி அவனைப் பார்த்து, அச்சில் போட முடியாத ஒரு வார்த்தையைச் சொல்கிறான். "பசங்க இப்படித்தான் பேசுவாங்க, தியேட்டரில் சிரிப்பு அள்ளும்" என்கிறது ஒரு தரப்பு. "குடும்பத்தோடு வருபவர்கள் நெளிவார்கள்" என்கிறது இன்னொரு தரப்பு. வசனம் இருக்கலாமா? இருந்தால் சான்றிதழ் என்ன ஆகும்? எடுத்துவிட்டால் காட்சியின் சூடு தணியாமல் எப்படிக் காப்பாற்றுவது?

நடுவரி:
இது கோபக் காட்சி. இங்கே சிரிப்பு வந்தாலே காட்சி தோற்றுவிட்டது என்று அர்த்தம். அதே வசனத்தை முப்பது வயது ஆள் பேசுவதாக எழுதிப் பாருங்கள். சிரிப்பு காணாமல் போனால், அந்த நகைச்சுவை வசனத்தில் இல்லை. சின்ன வாயிலிருந்து பெரிய வார்த்தை வருகிற அதிர்ச்சி மட்டும்தான் இருந்தது. அதை ஒரு தடவைதான் செலவழிக்க முடியும்.

"குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியாதா?" என்ற வாதம் பாதி உண்மை. வசைச்சொற்களைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டிமதி ஜே, இந்தப் பேச்சு 2 வயதிலேயே தலைகாட்டுகிறது, 11-12 வயதில் பெரியவர்களின் பாணிக்கு வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு வார்த்தை தெரிந்திருப்பது வேறு, அதைச் சொன்னால் அரங்கமே கைதட்டும் என்று தெரிந்துகொள்வது வேறு. ஆறு வயதுக் குழந்தை படத்திலிருந்து எடுத்துப்போவது இரண்டாவதைத்தான். அதனால் வசனத்துக்கு அடுத்த ஷாட்டைப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பெரியவர் சிரிக்கிறாரா, அண்ணன் முகம் சுருங்குகிறதா? சிரிக்கும் ஷாட் இருந்தால் முதலில் வெட்ட வேண்டியது அதுதான், வார்த்தையை அப்புறம் பார்க்கலாம்.

"அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்று தொல்காப்பியம் சொல்கிறது. சபைக்கு ஆகாத சொல்லை மறைத்துச் சொல்லும் இந்த உத்தியைக் கேமராவாலும் செய்யலாம். தம்பி வாயைத் திறக்கும்போது அண்ணன் முகத்துக்குப் போய்விடுங்கள். என்ன சொன்னான் என்பதை அந்த முகம் சொல்லிவிடும்.

சான்றிதழ் மேசை:
சான்றிதழ் பற்றி மட்டும். இந்தியாவில் 2023 திரைப்படத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு யுஏ பிரிவு (பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர் பார்க்கலாம்), யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என மூன்றாகிவிட்டது. "குடும்பப் படம்" என்று விளம்பரம் செய்துவிட்டு 16+ வாங்கினால் போஸ்டரே படத்துக்கு எதிராகப் பேசும். பிரிட்டனில் எல்லோருக்குமான யு சான்றிதழுக்கு மிக மென்மையான சொற்கள் மட்டும், அதுவும் அரிதாக. பிஜி (பெற்றோர் வழிகாட்டுதல் தேவை) என்றால் மென்மையானவை. அமெரிக்காவில் பாலியல் மூலமுள்ள கடுஞ்சொல்லைத் திட்டாக ஒரு தடவை சொன்னாலே குறைந்தது பிஜி-13 (13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்கு எச்சரிக்கை). அதற்கு மேல் போனால் பொதுவாக ஆர் (17 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணையோடுதான்).

பேசுவது சிறுவன் என்பதால் சலுகை கிடைக்காது. 1986இல் வந்த 'ஸ்டாண்ட் பை மீ' பன்னிரண்டு வயதுப் பையன்களின் கதை, கெட்ட வார்த்தைகளால் ஆர் வாங்கியது. 'பில்லி எலியட்' நாயகனுக்குப் பதினொரு வயது. பிரிட்டனில் 15 சான்றிதழ் (15 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை). இரண்டும் நல்ல படங்கள், ஆனால் நாயகன் வயதுப் பிள்ளைகள் தனியாக டிக்கெட் எடுக்க முடியாத படங்கள்.

இன்னொன்று. ஆபாசச் சொல்லை நீக்கிவிட்டு அந்த இடத்தில் "நொண்டி", "கருவாயன்" என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. என் கணக்கில் இது அதைவிட மோசம். ஆபாசச் சொல் காற்றில் போய்விடும். இது அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்வதற்கு எதிராக இந்தியாவின் 1991 தணிக்கை வழிகாட்டுதலிலும் தனி வரி இருக்கிறது.

ஒலித்தடம்:
எடுத்துவிடுவது என்றால் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பின்னால் மியூட் போடுவது கடைசி வழி. ப, ம மாதிரி எழுத்துகளுக்கு உதடு மூடித் திறப்பது குளோசப்பில் அப்பட்டமாகத் தெரியும், ஒலி இல்லாமலே படித்துவிடுவார்கள். க, ட, ந வாய்க்குள் நடப்பதால் ஓரளவு தப்பிக்கலாம். பீப் போட்டால் இன்னும் கெடுதல். கவனிக்காதவரும் திரும்பிப் பார்த்து, இருந்ததைவிடப் பெரிய வார்த்தையாக மனதில் நிரப்பிக்கொள்வார்.

செட்டில் அந்த வார்த்தையைக் குழந்தையைச் சொல்லவே விடாதீர்கள். பத்து டேக் போனால் பத்து தடவை கத்த வேண்டியிருக்கும். அந்தத் துண்டு வெளியே கசிந்தால் வாழ்நாள் முழுக்க அந்தப் பிள்ளையைத் துரத்தும். அதே எண்ணிக்கை அசையுள்ள சாதாரணச் சொல்லைக் கொடுங்கள், கோபம் மட்டும் நிஜமாக இருக்கட்டும். இரண்டு விதமாக எடுத்து வைத்துக்கொள்ள நேரமும் இருக்காது. இந்திய விதிப்படி குழந்தை நடிகருக்கு நாளுக்கு 5 மணி நேரம்தான், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

வெட்டும் கணக்கு: வார்த்தை அரை வினாடி என்றால் 24 பிரேம் வேகத்தில் 12 பிரேம். அண்ணன் முகத்துக்கு அதற்கு 2, 3 பிரேம் முன்பே போய்விட வேண்டும், முழு வினாடியாவது அங்கே நிற்க வேண்டும். சரியாக 12 பிரேமுக்கு மட்டும் போய்த் திரும்பினால் தணிக்கை வெட்டு மாதிரித் துள்ளும். மியூட் செய்த இடத்தில் அந்த இடத்துச் சூழல் ஒலியை நிரப்புங்கள், இல்லாவிட்டால் பள்ளம் கேட்கும். 5.1 மிக்ஸில் (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் ஒலிக்கலவை) வசனம் வரும் நடுச் சேனலை மட்டும் அடைத்துவிட்டு, பக்க ஸ்பீக்கர்களுக்குப் போன எதிரொலியை மறப்பது வழக்கமான தவறு. வார்த்தை பின்னாலிருந்து கேட்கும். சப்டைட்டில், டிரெய்லர், பிறமொழி டப்பிங் பிரதி மூன்றையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

மறுதரப்பு:
நான் முழுக்க உடன்படவில்லை. வன்முறை நிறைந்த வீட்டில் வளரும் பிள்ளை அப்பாவின் வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னால், அந்த வார்த்தைதான் சாட்சி. அதைத் துடைத்தால் படம் பொய் சொல்கிறது. அப்போது வார்த்தையை வைத்துவிட்டு உயர்ந்த சான்றிதழை நேர்மையாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

உங்கள் படகுக் கதை அந்த வகை இல்லை. அதற்குப் பிள்ளைகளே செய்கிற வேலையைச் செய்யுங்கள்: சொந்தமாக ஒரு திட்டை உண்டாக்குங்கள். ட, க, ற்ற போன்ற வல்லோசை வேண்டும், மூன்று நான்கு அசைக்குள் முடிய வேண்டும், யார் உடம்பையும் பிறப்பையும் தொடக்கூடாது. "ஓட்டைத் துடுப்பே!" மாதிரி. முதல் பத்து நிமிடத்தில் இருவரும் விளையாட்டாகச் சொல்லிக்கொள்ளட்டும். நடுவில் ஒரு முறை செல்லமாக. படகு உடைந்ததும் தம்பி அதே சொல்லைச் சிரிக்காமல், மெல்லிய குரலில் சொல்லட்டும்.

கதைப்பலகை:
மெல்லிய குரல் என்றால், காட்சி ஏரிக்கரைக் காற்றில். செட்டில் பதிவான ஒலி தாங்குமா?

ஒலித்தடம்:
தாங்காது. டப்பிங்கில் அதே பையனை வைத்தே எடுங்கள். குரல் உடையும் வயது நெருங்கினால் ஒரு மாத இடைவெளியிலேயே குரல் மாறலாம், அதனால் படப்பிடிப்பு முடிந்த வாரத்திலேயே அந்த ஒரு வரியை மட்டுமாவது பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.