லிட்டில் மோர்ட்டன் ஹால் போனவர்கள்: மனசை விட்டுப் போகாதது எது?

அகழிக்கரை:
இங்கிலாந்தில் செஷயர் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பழைய மரச்சட்ட மாளிகையை எப்படியும் பார்த்திருப்பீர்கள், அதனால் அகழி, கறுப்பு வெள்ளைச் சுவர் பற்றியெல்லாம் எழுதவில்லை. எனக்கு உச்சி மாடியில் இருக்கும் லாங் கேலரிதான், அதாவது நீண்ட நடைக்கூடம். 68 அடி நீளம். கால் வைத்ததுமே தரை ஒரு பக்கமாக இழுக்கிறது, பலகைகள் மேடும் பள்ளமுமாகப் போகின்றன. என் அம்மா பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இதுக்கு மேல வரமாட்டேன்டா" என்றார். அந்தக் காலத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் மழை நாளில் இங்கேதான் நடை பழகினார்களாம், பந்தும் ஆடியிருக்கிறார்கள். மரப்பலகைச் சுவருக்குப் பின்னால் 1600களின் தொடக்கத்து டென்னிஸ் பந்துகள் கிடைத்திருக்கின்றன. அம்மாவின் கை அந்தச் சுவரை விடவே இல்லை. கட்டியவர்கள் கணக்கைக் கோட்டைவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

தச்சன்மகன்:
கோட்டைவிட்டார்கள் என்பதை ஏற்க முடியவில்லை. ஒரே வீச்சில் கட்டிய வீடு இல்லை அது. 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து சுமார் 1610 வரை மோர்ட்டன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டியது. கேலரியே பிற்பாடு தோன்றிய யோசனை என்கிறார்கள். அதன் கூரையில் இருப்பவை கனமான மணற்கல் பலகைகள். அந்தப் பாரம் கீழ்த்தளங்களை வளைத்துவிட்டது. பின்னாளில் எஃகுக் கம்பி கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், சரி. ஆனால் முளையடித்துக் கோத்த ஓக் சட்டம் என்பதால்தான் முறியாமல் வளைந்து கொடுத்தது.

எனக்கு நின்றது முற்றத்து ஜன்னல்கள். 1559ல் வில்லியம் மோர்ட்டன் செய்வித்தார் என்று மரத்தில் செதுக்கியிருக்கிறது. கூடவே, கடவுள் அருளால் இவற்றைச் செய்தவர் ரிச்சர்ட் டேல், தச்சர் என்றும். என் அப்பா இழைத்த கதவு எதிலும் அவர் பெயர் இல்லை. அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன்.

பழையவீடு:
இரண்டு பேரும் பார்லரை, அதாவது குடும்பத்தார் உட்காரும் அறையை, விட்டுவிட்டீர்களே! 1976ல், பின்னால் வந்த பலகைச் சுவருக்கு உள்ளே ஓவியம் வெளிப்பட்ட அறை. பலகை அடித்தது போலவே வரைந்து, மேலே பைபிளின் சூசன்னா கதை. நான் அதைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

அகழிக்கரை, அம்மாவை அடுத்த முறை மாடிக்கு ஏற்றாதீர்கள். முற்றத்தில் உட்காரவையுங்கள், டேலின் ஜன்னல்கள் அங்கிருந்தே தெரியும். வெளியே ஒரு சுற்று வந்தால் கழிப்பறைக் கோபுரம் அகழிமேல் நிற்பதையும் பார்க்கலாம். குதிகால் செருப்பு வேண்டாம், பழைய பலகையில் குழி விழும். கேலரியின் இரு கோடியிலும் சாந்துச் சிற்பம் இருக்கிறது, ஒன்றில் அதிர்ஷ்ட தேவி சக்கரத்தோடு, மற்றதில் விதி தேவி. அதை நீங்கள் படமெடுத்து வந்து காட்டினால் போதும். பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பு, குளிர்காலத்தில் மூடியிருக்கலாம். திறக்கும் நாள் பார்த்துக் கிளம்புங்கள்.