ஒற்றைக் கண் திருடன்: கர்ப்ஸ் ஆடுறவங்க கொஞ்சம் உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு முதல் ஆட்டம். கர்ப்ஸ்ங்கிறது ஆளுக்கு ஒரு பாத்திரமா நடிச்சு பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு. நாலாம் பதிப்பு, பாத்திரத்தை உருவாக்க 100 பாயின்ட், என் பாத்திரம் பழங்காலத் துறைமுக நகரத்துல ஒரு திருடன். பாத்திரத்துக்குக் குறை வெச்சா அதுக்குப் பாயின்ட் திரும்பக் கிடைக்கும்; அப்படிக் குறைகள் 50 பாயின்ட் வரைக்கும் எடுக்கலாம்னு ஆட்டத்தை நடத்துற அண்ணன் சொல்லிட்டார்.

பேராசை 15, ஆர்வக்கோளாறு 5, கூட்டாளிகளைக் கைவிடாத குணம் 5. இதுவரை 25 ஆச்சு. மிச்சத்துக்கு ஒற்றைக் கண் 15, முன்கோபம் 10னு போட்டா கணக்கு நேராயிடும். ஆனா இவன் கத்தி வீசுறவன். ஒற்றைக் கண்ணோட, குறி பார்க்காம எறிஞ்சா திறமை எண்ணுல 3 குறையும், கைச்சண்டையிலும் 1 போயிடும். கிடைக்கிற 15 பாயின்டுக்கு இது தேறுமா?

பேராசையே எனக்குப் பயமாத்தான் இருக்கு. மூணு பகடையில 12 அல்லது அதுக்குக் கீழே விழுந்தாத்தான் கையை அடக்க முடியும். அதாவது நாலு தடவைக்கு ஒரு தடவை மாட்டிக்குவான். போன ஆட்டத்துல என் ஆளு காவல்காரன் இடுப்புப் பையிலேயே கைவிட்டு மொத்தக் கும்பலையும் சிறைக்கு அனுப்பினான். நண்பர்கள் இன்னும் மறக்கல.

பாயின்ட் கொடுத்து வாங்குற நிறைகள்ல 15 பாயின்டுக்கு ஒண்ணுதான் இடம். அதிர்ஷ்டம் எடுத்தா மணிக்கு ஒரு தடவை சொதப்பினதை இன்னும் ரெண்டு தடவை உருட்டி நல்லதை வெச்சுக்கலாம். சண்டைச் சுதாரிப்பு எடுத்தா தற்காப்பு எல்லாத்துக்கும் 1 கூடும். எனக்கு மனசு அதிர்ஷ்டத்து பக்கம்.

திருடனை ஆடினவங்க எதை எடுத்தீங்க, எது உங்க கழுத்தை அறுத்துச்சு? சனிக்கிழமைக்குள்ள சொன்னா புண்ணியமாப் போகும்.