பாப்பாவின் பட்டிமன்றமும் மேயர் எம்பி ஆன கதையும்

குழு: கடற்கரைத் தெரு சொந்தங்கள்

நான்: நாளைக்குக் காலேஜில் பட்டிமன்றம். மேயராக இருந்தவர் எம்பி ஆனால் ஊருக்கு லாபமா நட்டமா. எனக்கு லாபம் அணி. யாருக்காவது ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், தேடினால் லண்டன் மேயர்தான் வருகிறார் 😭

சின்ன அண்ணன்: ராமநாதபுரம் மாவட்டத்தில் மேயரே கிடையாது. நாலு நகராட்சி, நாலு சேர்மன். ஆள் தெரிந்துதான் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் 😂

பெரியப்பா: சும்மா இருடா. பாப்பா, நீ படிக்கிற நெல்லையிலேயே ஆள் இருக்கிறதே. விஜிலா சத்தியானந்த், 2011-ல் மேயர், 2014-ல் ராஜ்யசபா. தூத்துக்குடி சசிகலா புஷ்பாவும் அப்படியே, அதே வருஷம், அதே அதிமுக. தடைக்காலம், போட்டைக் கட்டிப்போட்டுச் சும்மாதான் இருக்கிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் கேள்.

கோயமுத்தூர் மாமா: மச்சான், எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே. அவர்கள் ரெண்டு பேரும் டெல்லிக்குப் போனதில் காலியான மேயர் பதவிக்கு 2014 செப்டம்பரில் இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள் இல்லையா, இங்கேயும் மேயர் ராஜினாமா செய்திருந்ததால் மூன்று ஊருக்கும் சேர்த்தே அறிவித்தார்கள். இங்கே ஜெயித்தவர் கணபதி ராஜ்குமார். அப்போது அதிமுக, அப்புறம் திமுக, 2024-ல் அவரையே கோவைக்கு நிறுத்தினார்கள், எதிரில் அண்ணாமலை. டீக்கடையில் எல்லாம் அண்ணாமலை பேச்சுதான். எண்ணி முடித்தபோது ராஜ்குமார் 1,18,068 ஓட்டு அதிகம்.

சித்தி: பாதியில் கிளம்பிப் போனால் அந்த ஊருக்கு என்ன லாபம்? அஞ்சு வருஷத்துக்கு என்று ஓட்டு வாங்கிவிட்டு மூணாம் வருஷமே டெல்லி, மறுபடி ஒரு தேர்தல் செலவு. எதிரணி இதைத்தான் கேட்கும்.

நான்: சித்தி நீங்கள் எந்த அணி 😡

பெரியப்பா: கேட்பது நியாயம்தான். ராஜ்யசபாவுக்கு நம் ஓட்டே இல்லை, எம்எல்ஏக்கள் போடுவது, கட்சித் தலைமை பார்த்துக் கொடுப்பது. சசிகலா புஷ்பாவை 2016-ல் கட்சியை விட்டே நீக்கினார்கள், ஆனாலும் 2020 வரை எம்பிதான். கட்சி நீக்கினால் பதவி போகாது. அதனால் அந்த ரெண்டு பேரையும் வைத்து லாபக் கணக்குப் பேசாதே, ராஜ்குமாரைப் பிடி.

கோயமுத்தூர் மாமா: அவர் பாதியில் போகவில்லை, 2016-ல் பதவிக்காலம் முடிகிறவரை மேயர். ஊர்களை மேம்படுத்த மத்திய அரசு பணம் கொடுத்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியல், 20 ஊர், 2016 ஜனவரியில் வந்ததே, அதில் கோவை இருந்தபோது நாற்காலியில் அவர்தான்.

பெரியப்பா: இதை எழுதிக்கொள் பாப்பா. டெல்லிப் பணம் ஊருக்கு எப்படி வந்து சேருகிறது, எங்கே நிற்கிறது என்று வாங்குகிற பக்கம் உட்கார்ந்து பார்த்த ஆள், அப்புறம் கேட்கிற இடத்துக்குப் போகிறார். அதுதான் லாபம்.

கோயமுத்தூர் மாமா: ஆனால் தொகுதி என்பது கார்ப்பரேஷன் மட்டும் இல்லை. சூலூர் இருக்கிறது, பல்லடம் இருக்கிறது, பல்லடம் திருப்பூர் மாவட்டம். அங்கே போய் நான் மேயராக இருந்தேன் என்றால் யாருக்கு என்ன, விசைத்தறிக்காரர் நூல் விலையைத்தான் கேட்பார்.

சித்தி: நம் ராமநாதபுரம் தொகுதியும் அப்படித்தானே. திருச்சுழிக்காரருக்குக் கடல் தெரியுமா, அறந்தாங்கிக்காரருக்கு நம் ஊர் சேர்மன் யார் என்று தெரியுமா. படகை இலங்கை பிடித்தால் சேர்மன் என்ன செய்வார், அது டெல்லி பேசவேண்டிய விஷயம். இங்கே வார்டு பார்த்த அனுபவம் அதற்கு எவ்வளவு உதவும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

சின்ன அண்ணன்: காரைக்குடி 2024-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. நமக்கு வருவதற்குள் பாப்பாவுக்குப் பேரன் வந்துவிடுவான்.

பெரியப்பா: இன்னொன்று. 2011-லும் அந்த இடைத்தேர்தலிலும் மேயருக்கு மக்களே ஓட்டுப் போட்டார்கள். 2022-ல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் முழுக்கத் தெருத்தெருவாய் நடந்து ஓட்டுக் கேட்டவருக்கும், கூட்ட அரங்கில் எண்ணி ஜெயித்தவருக்கும் எம்பி தேர்தலில் வித்தியாசம் தெரியும்.

நான்: பெரியப்பா பேச 4 நிமிஷம்தான்

பெரியப்பா: அப்போ பல்லடத்தை விட்டுவிடு.

கோயமுத்தூர் மாமா: அதை ஏன் விடவேண்டும், அதுதானே நல்ல இடம்.

சித்தி: நடுவர் யாரு?

நான்: தமிழ் மேடம். சொந்த ஊர் தூத்துக்குடி

பெரியப்பா: அப்போ சசிகலா புஷ்பாவையும் விட்டுவிடு.