பறக்கும்போது சத்தி வருகிறது, அடுத்த கிழமை திரும்பப் போக வேண்டும், உதவி தேவை

கண்டாவளைப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். பறக்கத் தொடங்கி 20 நிமிடத்தில் வயிறு பிரட்டுகிறது, பிறகு சத்தி. இதோடு மூன்று தரம் ஆகிவிட்டது, கடைசித் தரம் பை இல்லாமல் தொப்பிக்குள் எடுத்தேன். என்ன குளிசை போடலாம்? கெதியாகச் சொல்லுங்கோ, டேட்டா முடியப்போகுது.

தருமபுரம் அக்கா:
தம்பி, கட்டுநாயக்காவிலிருந்து எங்கே போகிறீர்? எத்தனை மணித்தியாலப் பயணம்? சாப்பிட்டுவிட்டா ஏறினீர்? இறக்கைக்குப் பக்கத்துச் சீற்றைக் கேட்டு எடும், அங்கேதான் ஆட்டம் குறைவு.

ஏ9 ஓட்டி:
தேசிக்காயை மணந்துகொண்டு போங்கோ. வேறொன்றும் வேண்டாம்.

பழைய மெக்கானிக்:
என்ன விமானம், எந்தச் சீற், எத்தனை மணிக்கு, ஒன்றும் இல்லை. முதலில் விபரம், பிறகு கேள்வி என்று எத்தனை தரம்தான் எழுதுவது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கவும் தெரியாது.

கண்டாவளைப் பெடியன்:
மன்னிக்கோணும், பயணிகள் விமானம் இல்லை. கிளைடர், எஞ்சின் இல்லாதது. ஜேர்மனியில் மாமா வீட்டில் நின்று ஓட்டப் பழகுகிறேன், இப்போது ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். முன் சீற்றில் நான், பின்னால் மாஸ்ரர். கயிற்றால் இழுத்து மேலே விடும்போது ஒன்றுமில்லை. பிறகு சூடான காற்று எழும்புகிற இடத்தைப் பிடித்து பிராந்து வட்டமிடுகிற மாதிரிச் சுற்றிச் சுற்றி ஏறுவோம், தேர்மல் என்பார்கள். அஞ்சாறு சுற்றில் கொட்டாவி வரும், வியர்க்கும், வாய் ஊறும், அதோடு கதை முடிந்தது.

தருமபுரம் அக்கா:
எஞ்சின் இல்லாமலா?! அம்மாவுக்குத் தெரியுமோ?

பழைய மெக்கானிக்:
இரணைமடுக் குளக்கட்டில் சைக்கிள் ஓடினாலே தலைசுற்றுகிற ஆட்களுக்கு வானம் எதற்கு? விமானமோட்டிக்கு வயிறு இரும்பாக இருக்க வேண்டும். அது பிறவிக்குணம் தம்பி, பழகி வராது.

மருந்துக்கடை மகள்:
அண்ணை, சோவியத் போர்விமானி கெர்மான் தீத்தோவ் 1961 இல் வொஸ்தொக் 2 இல் பூமியைச் சுற்றும்போது சத்தியெடுத்தவர். அவருக்கு வயிறு என்ன தகரமோ?

தம்பிக்கு: வீட்டில் கிடக்கிற டொம்பெரிடோனைப் போடாதீர், அது வேறு சத்திக்கு, ஆட்டத்தால் வருவதற்கு உதவாது. சின்னாரிசின், டைமென்ஹைட்ரினேற் கேட்கும், ஆனால் நித்திரை தூக்கும். பஸ்ஸில் பின்னால் இருக்கிற ஆள் போடலாம், ஓட்டுகிற ஆள் போட்டால் ஆபத்து. விமானமோட்டிகளைப் பார்க்கிற வைத்தியரைக் கேளாமல் ஒன்றும் வேண்டாம். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு இல்லை, கெடுதல் இல்லாததால் சப்பிப் பாரும். ஒன்று சொல்லும், சுற்றும்போது எதைப் பார்க்கிறீர்? ஓட்டுவது நீரா, மாஸ்ரரா?

கண்டாவளைப் பெடியன்:
தேர்மலில் மாஸ்ரர்தான். நான் வேரியோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டுகிற முள்.

முல்லைத்தீவுக் கடலான்:
அதுதான் பிழை. கிளைடர் எனக்குத் தெரியாது, கடல் தெரியும். புதிதாக வள்ளத்தில் வருகிற பெடியன்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் சத்திதான், அதிலும் குனிந்து வலையில் சிக்கெடுக்க விட்டால் குடலே வெளியே வந்துவிடும். நாங்கள் அவனைப் பின்னுக்குக் கூப்பிட்டு எஞ்சின் பிடியைக் கையில் கொடுத்து, அந்தா தெரிகிற பனையைப் பார்த்து ஓட்டு என்போம். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். அலை எப்போது தூக்கும் என்று பிடி வைத்திருக்கிறவனுக்கு முதலே தெரியும், சும்மா குந்தியிருக்கிறவனுக்குத் தெரியாது. பஸ் ஓட்டுகிறவர் சத்தியெடுத்து ஆராவது கண்டிருக்கிறீர்களா?

ஏ9 ஓட்டி:
நான் எடுத்திருக்கிறேன். முறிகண்டியில் கச்சான் வாங்கித் தின்றுகொண்டே ஓடி மாங்குளத்தில் நிற்பாட்டினேன்.

தருமபுரம் அக்கா:
முறிகண்டிக் கச்சானைக் குறை சொல்லவேண்டாம். எத்தனை வருடமாகத் தின்கிறோம்.

ஏ9 ஓட்டி:
வறுத்த கச்சான் பித்தம் அக்கா. அவித்தது என்றால் பரவாயில்லை.

பழைய மெக்கானிக்:
பித்தமும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு சரையோடு நிறுத்தாமல் மூன்று சரை தின்றிருப்பீர். கணக்கை முதலில் சொல்லும்.

வற்றாப்பளை, இப்போது லண்டன்:
கச்சானைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. நானும் கிளைடர் ஓட்டுகிறவன், முதல் வருடம் முழுக்கப் பையோடுதான். கடலான் அண்ணை சொன்னது அப்படியே சரி. ஒரே சீராகச் சுற்றும்போது உட்காதுத் திரவம் கொஞ்ச நேரத்தில் சுற்றுவதை உணராமல் விட்டுவிடும். அந்த நேரம் பார்த்து முள்ளைப் பார்க்கத் தலையைக் குனிந்தால் உருண்டு விழுகிற மாதிரி இருக்கும். வேரியோவின் சத்தத்தைப் போடச் சொல்லும், கீச்சுக் கீச்சென்று அதுவே சொல்லும், கண் அடிவானத்தில் நிற்கட்டும். காற்றுத் துவாரத்தைத் திறந்து வையும். கண்ணாடி மூடிக்குள் வெயில் அவிக்கும், தண்ணீர் குடியும், வெறும் வயிற்றோடும் ஏறாதீர். முதல் கொட்டாவியிலேயே மாஸ்ரரிடம் சொல்லி நேராகப் பறக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் வெட்கத்தில் பொறுத்துப் பொறுத்துத்தான் தொப்பியை நாசமாக்கினோம்.

இன்னொன்று, ஒரு மாதம் விட்டுவிட்டுப் போகிறீர், பழகினது கொஞ்சம் போயிருக்கும். போன உடனே நீளமாகப் பறக்காமல் வின்ச்சில் (நிலத்தில் நின்று கயிற்றைச் சுற்றி இழுக்கிற எஞ்சின்) ஏறி இறங்குகிற குட்டிப் பறப்புகளாக அடுத்தடுத்த நாள் செய்யும்.

முல்லைத்தீவுக் கடலான்:
போகமுதல் ஒருநாள் வாரும், கடலுக்குக் கூட்டிப்போகிறேன். வயிறு பழகும்.

மருந்துக்கடை மகள்:
கடல் ஆட்டத்துக்குப் பழகினது வானத்துக்கு முழுதாக உதவாது அண்ணை.

முல்லைத்தீவுக் கடலான்:
மீனாவது கிடைக்கும்.

தருமபுரம் அக்கா:
தம்பி எங்கே? சத்தமே இல்லை.

ஏ9 ஓட்டி:
டேட்டா முடிந்திருக்கும்.

கண்டாவளைப் பெடியன்:
இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள். நாலு குட்டிப் பறப்பு, பிறகு ஒரு நீளமானது 50 நிமிடம். தேர்மலில் நானே ஓட்டினேன், முள்ளைப் பார்க்கவில்லை. ஒருதரம் வாய் ஊறியது, சொன்னேன், நேராகப் பறந்தோம். பை மடித்தபடியே இருக்கிறது. குளிசை போடவில்லை. கடலான் அண்ணைக்கு நன்றி, மாஸ்ரருக்குப் பனைக் கதையைச் சொன்னேன், இங்கே பனை இல்லை, தேவாலயக் கோபுரத்தைப் பார் என்கிறார்.

பழைய மெக்கானிக்:
50 நிமிடம் ஒரு பறப்பா. மூன்று மணித்தியாலம் பறந்துவிட்டு வந்து எழுதும்.

ஏ9 ஓட்டி:
கச்சான் கொண்டுபோனீரோ?

கண்டாவளைப் பெடியன்:
இரண்டு சரை. வறுத்தது. மாஸ்ரர்தான் தின்றார்.