தாராவியின் பழைய தோல் பட்டறை நிலத்தில் வீடு: எந்தச் சோதனையைக் கேட்பது?

கேள்வி: தாராவியில் முன்பு தோல் பதனிட்ட இடத்தை ஒட்டியே எங்கள் வீடு இருக்கிறது, கடைக்கால் தோண்டினால் நீலம் பாரித்த மண் வருகிறது. அடுக்குமாடி எழும்பும் முன் என்ன சோதனை கேட்க வேண்டும்?

பதில் 1: ஐயா, முதலில் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகத்துக்கான சோதனை. பதனிடப் பயன்படும் மூவிணைதிற (Cr III) வகையில் நச்சுத்தன்மை குறைவு என்றாலும், அது சில சூழல்களில் புற்றுநோய் உண்டாக்கும் அறுவிணைதிற (Cr VI) வகையாக மாறக்கூடும் என்பதால், இரண்டையும் தனித்தனியே அளந்து நிலத்தடி நீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். ராணிப்பேட்டையில் குரோமிய உப்பு தயாரித்த குரோமேட் ஆலை மூடப்பட்ட பின்னும் அதன் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டே இருந்தது.

பதில் 2: மேல்மண்ணை மட்டும் பார்த்துத் தரும் சான்றிதழை ஏற்காதீர்கள். மும்பையின் தேவ்நாரில் 1927 முதல் குப்பை கொட்டிய நிலத்தின் ஒரு பகுதியையே தாராவியை மறுசீரமைக்கும் திட்டத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே குடிபோகிறவர்கள், குப்பையிலிருந்து எழும் எரிவாயுவான மீத்தேனின் அளவையும் கட்டாயம் கேட்க வேண்டும்.