பலாப்பழத் திருட்டைத் துப்பறியும் பெரியம்மா: கதைக்கு யோசனை வேண்டும்

மடுகரைக்காரன்:
வணக்கம். நகைச்சுவையான துப்பறியும் குறுநாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கொலை, ரத்தம் எதுவும் கிடையாது. புதுச்சேரி எல்லையில் ஒரு கற்பனை ஊர். இந்தத் தெரு கடலூர் மாவட்டம், வாய்க்காலைத் தாண்டினால் புதுச்சேரி, ஒரே கல்யாணத்துக்கு வரும் வண்டிகளில் பாதி டி.என். 31, பாதி பி.ஒய். 01. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அஞ்சலைப் பெரியம்மாதான் துப்பறிகிறவர். ஊர் இளவட்டங்கள் எல்லாரும் அவர் மையத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அதனால் எந்த வீட்டுக்குள்ளும் அவர் கேட்காமலே நுழையலாம்.

திரௌபதி அம்மன் திருவிழா. ஊரே விடிய விடியக் கூத்து பார்க்கிற இரவில், அம்மனுக்கு நேர்ந்துவிட்ட முதல் காய்ப்புப் பலா மரத்திலிருந்து காணாமல் போகிறது. இரண்டு ஸ்டேஷனிலும் "எங்க எல்லை இல்ல" என்று கைவிரிப்பதால் விஷயம் பெரியம்மாவிடம் வருகிறது. இது இன்றைக்கு நம்பும்படி இருக்குமா? அப்புறம் கேமரா, செல்போன் டவர் இல்லாமல் அவர் கண்டுபிடிக்க என்ன தடயம் வைக்கலாம்? ஊர்க்காரர்களைக் கோமாளியாக்கிச் சிரிக்க வைக்க எனக்கு மனமில்லை, அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கோர்ட் வாசல்:
எல்லைச் சாக்கு இப்போது பலவீனம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும். ஆனால் உங்களுக்கு இதைவிட நல்ல வழி சட்டத்திலேயே இருக்கிறது. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையில் இறங்க முடியாது. மரத்துக்காரர் "அம்மன் பழத்துக்கு ஏதுய்யா வெலை" என்று நிற்கட்டும், ஏட்டய்யா பொறுமையாக மண்டி விலையை விசாரித்து எழுதட்டும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, சிரிப்பும் தானாக வரும். முதல் தடவை குற்றம் நிரூபிக்கப்பட்டவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவைதான் (தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 303). கோயில் வாசலைக் கூட்டுகிற கடைசி அத்தியாயம் ரெடி.

செம்மண் பூமி:
பண்ருட்டிப் பக்கத்து ஆள் நான், தடயத்தை என்னிடம் விடுங்கள். பெரிய பலாவைத் தனி ஆள் சத்தமில்லாமல் இறக்க முடியாது. இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், கீழே போட்டால் அடிபட்டு அந்தப் பக்கம் அழுகிவிடும், அதனால் கயிறு கட்டி ஒருவர் மேலிருந்து விட இன்னொருவர் கீழே தாங்க வேண்டும். ஆக, திருடர் இரண்டு பேர். காம்பை வெட்டியதும் பால் வடியும், சட்டையில் பட்டால் போகாது, கையில் பட்டதை எண்ணெய் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மறுநாள் காலையில் எந்த வீட்டில் எண்ணெய்க் கிண்ணம் திண்ணைக்கு வந்தது என்று பெரியம்மா பார்க்கட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், பழுக்கிற பலாவை மறைக்க முடியாது. நாலைந்து நாளில் மணமே ஆளைக் கூட்டிவிடும். ஆக, அவருக்குக் கெடு அவ்வளவுதான்.

இன்னொன்று, இதை நீங்கள் கட்டாயம் வைக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள், அப்படியும் ஓட்டு எண்ணெய் விரல்களைக் கறுப்பாக்கித் தோலை உரித்துவிடும். அந்தக் கறையைப் பார்த்து ஊர் ஒரு ஏழைப் பெண்மேல் பழி போடட்டும். பலாப்பால் தேங்காய் எண்ணெயில் போய்விடும், முந்திரிக் கறை தோல் உரிந்தால்தான் போகும். பெரியம்மா பஞ்சாயத்தின் நடுவில் அவள் விரலில் எண்ணெய் தேய்த்துக் காட்டினால் அந்த ஒரு காட்சிக்கே கதையைப் படிக்கலாம். எங்கள் பெண்களின் கைகளை யாரும் கதையில் எழுதுவதில்லை.

கூத்துப் பிரியன்:
"நான் கூத்துலதான் இருந்தேன்" என்று எல்லாரும் சொல்வார்கள் இல்லையா, அங்கேதான் பிடி இருக்கிறது. அன்றைக்கு அர்ச்சுனன் தபசு என்று வையுங்கள். தபசு மரத்தில் ஏறுகிறவர் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், விபூதியெல்லாம் வீசுவார், பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். யார் மடியில் எலுமிச்சை விழுந்தது என்று கூட்டத்தில் இருந்தவர்களுக்கு மறக்காது, இல்லாதவர் உளறுவார். மேலே இருக்கிறவருக்கு ஊர் முழுக்கத் தெரியும், தோப்பில் அசைகிற டார்ச் வெளிச்சமும் தெரியும். ஆனால் தபசை விட்டு அவரால் கத்த முடியாது. மறுநாள் இரவு கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அதைக் கேலிப் பேச்சாக அவிழ்த்துவிடட்டும். ஊர் வம்பை மேடையில் இழுப்பது அவர் வழக்கம், சனம் சிரிக்கும், பெரியம்மா மட்டும் சிரிக்க மாட்டார்.

மடுகரைக்காரன்:
மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. 5,000 ரூபாய் விஷயத்தையும் எண்ணெய்க் காட்சியையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கட்டியங்காரன் மட்டும் நேராகச் சொல்ல வேண்டாம், "ராத்திரியில நட்சத்திரம் ரெண்டு தோப்புக்குள்ள எறங்குச்சாம்" என்ற அளவில் நிறுத்துகிறேன், மீதியைப் பெரியம்மா தேடட்டும். செம்மண் பூமி அண்ணா, காம்பு வெட்டு எப்படி இருக்கும்? கொடுவாளா, அரிவாளா என்று வெட்டைப் பார்த்தே சொல்ல முடியுமா? முடியும் என்றால் இரண்டாவது திருடனையும் பிடித்துவிடுவேன்.