வெந்தயம், ஓமம், கருஞ்சீரகப் பொடி: கல்லீரல் கொழுப்புக்கு அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

காவிரிக்கரை (கேள்வி)

அப்பாவுக்கு 56 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறார். போன மாதம் வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2 என்று வந்தது. எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதித்தால் ரத்தத்தில் கூடும் என்சைம்) 78. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னாரே தவிர மருந்து எதுவும் எழுதவில்லை, அப்பாவுக்கு அதுதான் குறை. இதற்குள் பெரியப்பா வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து வெந்தயம் கால் கிலோ, ஓமம் 100 கிராம், கருஞ்சீரகம் 50 கிராம் வறுத்துப் பொடித்து டப்பாவில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ராத்திரி படுக்கும்போது ஒரு ஸ்பூன் வெந்நீரில் குடிக்க வேண்டுமாம், மூன்று மாதத்தில் கல்லீரல் சுத்தமாகிவிடுமாம், அப்புறம் சர்க்கரை மாத்திரையே வேண்டாமாம். அண்ணன் பேச்சை அப்பா தட்டவே மாட்டார். கருஞ்சீரகம் கல்லீரலுக்கு நல்லது என்று நானும் படித்திருக்கிறேன். கொடுக்கலாமா? மாத்திரையோடு சேர்ந்து ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மருந்துக்கடை_சேகர்

நான் பார்மசிஸ்ட். உங்கள் பயம் நியாயமானது, அதற்குக் காரணம் கிளிமிபிரைடு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்குவது அபூர்வம். ஆனால் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். வெந்தயமும் கருஞ்சீரகமும் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கக்கூடியவை, அதனால் இரண்டும் சேர்ந்து, அதுவும் ராத்திரி வெறும் வயிற்றில் போனால், விடிவதற்குள் வியர்த்துக் கொட்டி நடுக்கம் வரலாம். தூக்கத்தில் அது தெரியாமலும் போகலாம். ராத்திரி வேளையை மட்டும் முதலில் நிறுத்துங்கள்.

அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி ஏதாவது எடுக்கிறாரா? எடுத்தால் இந்தப் பொடியே வேண்டாம், ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். தைராய்டு மாத்திரை இருந்தால் வெந்தயத்துக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

ஆய்வகத்துக்காரி

கருஞ்சீரகத்தைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் புளுகு இல்லை. அதன் வாசனை எண்ணெயில் தைமோகுயினோன் என்ற பொருள் இருக்கிறது, ஆய்வுகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே நடக்கின்றன. கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களுக்குப் பொடியாகவோ எண்ணெயாகவோ சில வாரங்கள் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் கல்லீரல் என்சைமும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஓரளவு குறைந்திருக்கின்றன. ஆனால் எல்லாம் சின்ன ஆய்வுகள், முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை, அதை வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும் சொல்ல முடியாது.

அளவையும் பாருங்கள். 400 கிராம் கலவையில் கருஞ்சீரகம் 50 கிராம், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஒரு ஸ்பூன் பொடி 4 கிராம் என்று வைத்தால் கருஞ்சீரகம் அரை கிராம்தான் வருகிறது, ஆய்வுகளில் கொடுத்ததோ பெரும்பாலும் தினம் 1 கிராமுக்கு மேல். வெந்தயமும் அப்படித்தான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சர்க்கரை நோயாளிகளுக்கு வெந்தயம் கொடுத்து ஆய்வு செய்து, நாளுக்கு 25 முதல் 50 கிராம் வரை, அதுவும் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னது. வெந்தயத்தின் வழவழப்பான நார்ச்சத்து சோற்றுச் சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தை மட்டுப்படுத்துவதுதான் முக்கிய வேலை, சோறே இல்லாத நடு ராத்திரியில் அது எதை மட்டுப்படுத்தும்? உங்கள் பெரியப்பா சொல்லும் ஒரு ஸ்பூனில் வெந்தயம் இரண்டரை கிராம். சாம்பாரில் போடுவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

கடலோரத்தான்

சகோதரி, எங்கள் கீழக்கரைப் பக்கம் கருஞ்சீரகம் இல்லாத வீடே இருக்காது. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் இருக்கிறது என்று நபிமொழி இருப்பதால் நம்பிக்கையோடு சாப்பிடுகிறோம். அதே நபி வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மாத்திரையையும் விட்டதில்லை.

வாங்கும்போது கவனம். வெங்காய விதை பார்க்க அச்சு அசல் கருஞ்சீரகம் போலவே இருக்கும், கலந்துவிட்டால் கண்ணால் பிரிப்பது கஷ்டம். இரண்டு மூன்று விதையை விரலில் நசுக்கி முகர்ந்து பாருங்கள். நல்ல கருஞ்சீரகம் ஓமத்தையும் மிளகையும் நினைவூட்டும் காரமான வாசம் அடிக்கும், மென்றால் கசக்கும். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் மருந்தளவில் கொடுக்கக் கூடாது.

வைகைநதி

டாக்டர் ஒன்றும் செய்யவில்லை என்று அப்பாவை நினைக்க விடாதீர்கள். இந்த நோய்க்கு இருப்பதிலேயே பலமான வைத்தியத்தைத்தான் அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். எந்த விதைக்கும் இவ்வளவு உறுதியான சான்று கிடையாது. இதற்கென்றே முதல் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்ததே 2024ல்தான், அதுவும் கல்லீரலில் தழும்பு ஓரளவு விழுந்தவர்களுக்கு.

தழும்பு இருக்கிறதா என்பதுதான் இப்போது உங்களுக்குத் தெரிய வேண்டியது, கிரேடு 2 என்பது கொழுப்பின் அளவை மட்டும்தான் சொல்லும். வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு கல்லீரல் என்சைம்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் இந்த நாலையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. 1.3க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பயமில்லை. மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, மூலிகை என்றாலே கல்லீரலுக்குக் கெடுதல் வராது என்று நம்பாதீர்கள். கோவிட் சமயத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதித்து வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021ல் எழுதினார்கள். பெரியப்பா கொடுத்தது சமையல் சாமான், பெயர் தெரியாத டீடாக்ஸ் பொடியைவிட எவ்வளவோ மேல்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. ரத்த உறைவு மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ எதுவும் இல்லை. எடை 84 கிலோ, அப்படியென்றால் 6 கிலோ முதல் 8 கிலோ வரை குறைய வேண்டும். மூன்று வேளையும் சோறு, நாலு தடவை சர்க்கரை போட்ட டீ, அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சேகர் அண்ணா, பெரியப்பா மனம் நோகாமல் பொடியைக் காலையில் கொடுக்கலாமா?

மருந்துக்கடை_சேகர்

டாக்டரிடம் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு, காலைச் சாப்பாட்டோடு அரை ஸ்பூனில் தொடங்குங்கள். கிளிமிபிரைடு அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டியது, இதைப் பெரியப்பாவிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் காலையிலும் படுக்கும் முன்னும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். எஸ்ஜிபிடியை மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம்.